வலப்புறம் நின்றவர்

பொழுது புலர்ந்ததும் திருமேனி முதலில் நீறணிந்தான். பிறகு வெண்கலம் அணிந்தான். கணைக்காலுக்கும் மார்புக்கும் கவசம் பூட்டி, கண்ணும் வாயும் மட்டும் தெரியும் தலைக்கவசத்தைக் கவிழ்த்தான். இறுதியாக, குழிந்த பெருங்கேடயத்தின் நடுப்பட்டைக்குள் இடக்கையை முழங்கைவரை நுழைத்து விளிம்புப் பிடியைப் பற்றினான்.

வானில் சுழலும் வெடியவிப்பான்கள் உலகின் துப்பாக்கிகளையெல்லாம் ஊமையாக்கி மூன்று தலைமுறை ஆயிற்று. அணைநீர் யாருக்கென்ற வழக்கை இரு நகரங்களும் இரும்பால்தான் பேச வேண்டும். அதற்குப் பண்டைக் கிரேக்கரின் கேடயவேலியை விஞ்சிய முறையை எந்தக் கணினியும் கண்டுபிடிக்கவில்லை.

கேடயத்தின் வலப்பாதி ஏந்துபவனுக்கு; இடப்பாதி, அவனுக்கு இடப்புறம் நிற்பவனின் திறந்த வலப்பக்கத்துக்கு. இன்று அந்த இடப்பாதி மருதையனுக்கு. குடித்துவிட்டு வண்டியோட்டித் திருமேனியின் தம்பியைச் சாலையோடு தேய்த்தவன் அவன்.

"கேடயம் கனக்குதாண்ணே?" என்றான் மருதையன். "கனத்தா எறக்கிருங்க. ஒருத்தனும் கேக்கமாட்டான்."

"வாய மூடிட்டு நில்லுடா."

மருதையன் சொன்னது உண்மை. நகரத்தின் வழக்குகளைத் தீர்க்கும் கணினியான நீதிப்பொறி சிறைகளை மூடிவிட்டது. தீங்கு செய்தவனை, தீங்கு பட்டவனின் இடப்புறம் நிறுத்துவதோடு அதன் தீர்ப்பு முடிந்தது. கேடயத்தை விலக்கினால் தண்டனை, விலக்காவிட்டால் மன்னிப்பு. இதில் பொறிக்குப் போர்த்தந்திரமும் இருந்தது: போர்வெறியில் நண்பனை மறப்பவனும் பகைவனை ஒரு கணமும் மறப்பதில்லை. வழக்கில்லாதவர்கள் இடையிடையே நிறுத்தப்படுவார்கள். தன் வலப்புறம் நின்ற நரைமீசைச் சவரிமுத்துவையும் அப்படியொருவர் என்றே திருமேனி எண்ணியிருந்தான்.

நாகசுரம் எழுந்தது. வரிசை பதிகம் பாடியபடி, தாளம் விழும் இடத்தில் கால் விழ நடந்தது. எதிர்வரிசை ஓடி வந்து மோதியது. வெண்கலத்தில் வெண்கலம் இடித்த ஓசையில் பாட்டு மாண்டது. பின்னிருந்த ஏழு வரிசையும் முதுகில் கேடயம் பொருத்தித் தள்ள, முன்னவர்களின் விலா எலும்புகள் சுள்ளிகளாய் நொறுங்கின. திருமேனி தோளுக்கு மேலிருந்து ஈட்டியை இறக்கினான். அது ஒருவனின் கண்குழிக்குள் புகுந்து முறிந்தது. எஞ்சிய கழியைத் திருப்பி, அதன் அடிமுனையால் கீழே கிடந்தவனின் தொண்டையைக் குத்தினான். சூடான குருதி முழங்கால்வரை தெறித்தது.

அப்போது எதிரியின் ஈட்டியொன்று மருதையனின் அக்குளை நோக்கித் திரும்பியது. ஓராண்டாகக் காத்திருந்த கணம். திருமேனியின் இடக்கை மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கியது.

அதே நொடியில் அவனது வலக்கழுத்தில் வெயில் பட்டது. சவரிமுத்துவின் கேடயம் விலகியிருந்தது.

ஒரு முனை கழுத்தைக் கீறிச் சென்றது. கேடயம் திரும்பி வந்தது.

"கேடயம் ஆடுதே பெரியவரே!"

"ஆடத்தான் தம்பி செய்யும். ஒங்கமேல எனக்கு ஒரு வழக்கு இருக்கு."

"எம்மேலயா? ஒங்கள நா பாத்ததே இல்லையே."

"அதுதான் தம்பி வழக்கே. முடியட்டும், சொல்றேன்."

சொல்லிக்கொண்டே அவர் கேடயத்தை இடப்புறம் முழுதாக நீட்டினார். திருமேனியின் நெஞ்சுக்கு வந்த ஈட்டி அதில் பட்டுத் தெறித்தது. திறந்துகிடந்த அவருடைய தொண்டையில் மற்றொன்று பாய்ந்து பிடரியில் வெளிவந்தது. திருமேனியின் இடக்கை நிமிர்ந்தது. மருதையனின் அக்குளை மீண்டும் தேடி வந்த முனை திருமேனியின் கேடயத்தில் மோதி மழுங்கியது.

உச்சிப்பொழுதில் எதிர்வரிசை உடைந்து ஓடியது. அணைநீர் கிடைத்தது.

"ஏண்ணே எறக்கல?" என்றான் மருதையன். அவன் குரலில் ஏளனம் இல்லை.

திருமேனி சவரிமுத்துவின் பிணத்தருகே மண்டியிட்டு, தலைக்கவசத்துக்குள் குரலாக ஒலிக்கும் நீதிப்பொறியிடம் கேட்டான். "இவருக்கு நா என்ன செஞ்சேன்?"

"தீங்கு பட்டவர் மட்டுமே அதைச் சொல்லலாம். வழக்கு முடிந்தது. நீங்கள் மன்னிக்கப்பட்டீர்கள்."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி, சவரிமுத்துவின் முகத்திலிருந்த குருதியைத் துடைத்தான். எந்தத் தெருவில், எந்த வாசலில் இந்த முகத்தைப் பார்க்காமல் கடந்தோம் என்று நெடுநேரம் உற்றுப் பார்த்தான். பட்டைக்குள் விறைத்திருந்த அவருடைய இடக்கை இன்னும் அவன் பக்கமே நீண்டிருந்தது.