ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்த மில்

ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. திண்டிவனத்தில் மயிலம் சாலையை ஒட்டி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில்லின் பின்சுவருக்கு வெளியே மண்ணாங்கட்டி செத்துக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. தலைமாட்டில் ஒரு பை, பை நிறைய உடைத்த மல்லாட்டை. போதாதா ஊருக்கு? இருட்டுவதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். திருட வந்தவன், சுவரேறிக் குதிக்கும்போது விழுந்து செத்தான்.

அவர் மனைவி அம்சா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வேலையில் செத்தவர் என்று லேபர் ஆபீஸில் மனு கொடுத்தாள். மனு மில்லின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வந்தது. விசாரிக்கச் சொல்லி விழுப்புரத்திலிருந்து கம்பெனி அதிகாரி கலையரசியை அனுப்பினார்கள். திருடன் என்று முடிந்தால் கம்பெனிக்குச் செலவில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

புதன், காலை பத்தரை. மில் முதலாளி வெங்கடாசலம் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழம மில்லு லீவு மேடம். கேட்டு பூட்டியிருந்திச்சி. அவன் எங்க ஆளே இல்ல. எப்பவாவது லோடு எறக்க வருவான், அவ்ளோதான்."

"பாலிசியில ஆறு பேரைத்தான் காட்டியிருக்கீங்க?"

"இருக்கறதே ஆறு பேரு."

தொழிலாளர் இன்சூரன்ஸில் ஆளுக்கும் கூலிக்கும் தக்க பிரீமியம், அதிலும் மெஷின் வேலைக்குக் கூடுதல் ரேட். ஆளைக் குறைத்துக் காட்டுகிற முதலாளிகளைக் கலையரசி நிறையப் பார்த்தவள். ஆனால் இளநீர் குளிர்ச்சியாக இருந்தது. மனிதரும் மரியாதையாகப் பேசினார்.

ஷெட்டுக்குள் மேஸ்திரி தாண்டவராயன் கூட்டிப் போனார். மெஷினின் பெல்ட்டுக்கு மூடி இல்லை. சுவிட்சுக்கு மேலே முருகன் படம். அதன் கீழே ஒரு நீள ஆணியில் மஞ்சளும் சிவப்புமாகக் கைக்கயிறுகள் தொங்கின.

"இதென்ன மேஸ்திரி?"

"மயிலம் கோயில் கயிறு மேடம். பெல்ட்டாண்ட நிக்கிறவன் கையில கயிறு இருக்கக் கூடாது. முன்ன ஒருத்தனுக்கு மாட்டிக்கினு வெரலே போயிடுச்சி. வரசொல்ல கழட்டி சாமிகிட்ட மாட்டுவானுங்க, போவசொல்ல அவனவன் எடுத்து கட்டிக்குவான். அடுத்தவன் கயித்த எவனும் தொட மாட்டான். வேண்டுதலாச்சே!"

மண்ணாங்கட்டி இங்கே வேலை பார்த்தாரா என்று கூலிக்காரர்களைக் கேட்டாள். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் இருமினார்.

அதே நாள், நான்கு மணி. விழுப்புரத்தில் ரயில்வே கேட் பக்கம், அக்கா பொன்னியின் வீட்டில் அம்சா இருந்தாள். திண்டிவனத்தில் தலைகாட்ட முடியாமல் பெண்ணை இழுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

"உன் வீட்டுக்காரர் குடிப்பாராம்மா?"

அம்சா நிமிரவில்லை.

"முன்னாடி திருட்டு கேஸ் ஏதாவது உண்டா?"

"எங்க தெரு பைப்பாண்ட போனா எங்கொடத்த காலால நவுத்தினாளுங்க மேடம். நேத்து வரைக்கும் அக்கான்னு கூப்ட்டவளுங்க. எம்பொண்ணு பள்ளிக்கூடமே போவ மாட்டேங்குது. காசு வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும். அவரு திருடல."

"ஞாயித்துக்கிழமை எங்க போறேன்னு சொன்னாரு?"

"மில்லுக்குத்தான். லோடு ஜல்தி அனுப்பணும்னு லீவு அன்னிக்கும் ஓட்டறாங்கன்னாரு. கேப்பைக் கூழு குடிச்சிட்டு கெளம்பினாரு."

"யாராவது பார்த்தாங்களா?"

"தெரியல." கொஞ்சம் தயங்கினாள். "மேடம், சனிக்கிழம சாயந்திரம் மயிலம் போயிருந்தோம். எம்பொண்ணு நீலப் பாசிமணி ஒண்ணு கோத்து அப்பா கையில கயிறு கட்டிவுட்டா. காலைல போவசொல்லகூட கையில இருந்திச்சி. பொணத்து கையில இல்ல. எவன் அவுத்தான்னு தெரியல." சொன்னதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. "ஆளே பூட்டாரு, நான் கயித்தப் போயி கேட்டுக்கினு கீறேன்!"

கலையரசி அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எதிர் சீட்டில் கம்பியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். மூன்று கைகளில் கயிறு. அட கடவுளே! திருடப் போகிறவன் கயிற்றைக் கழற்றிவிட்டா சுவரேறுவான்?

அடுத்த நொடியே அவளுக்கு முகம் சுட்டது. வேலையில் ஒருவர் செத்துவிட்டால் அவர் குடித்திருந்தார் என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது. அது அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த சட்டம். குடிப்பாரா என்ற கேள்விக்குத் தேவையே இல்லை. தெரிந்தே கேட்டிருக்கிறாள். ஏன்? ஏழை செத்தால் கேட்கிற கேள்வி அதுதான் என்று வாய் பழகிப் போயிருந்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வியாழன், மாலை ஐந்தரை. மில் விடுகிற நேரம். திண்டிவனம் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் பார்த்திபனோடு கலையரசி முருகன் படத்துக்கு எதிரே நின்றாள். வெங்கடாசலமும் வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொருவராக வந்து அவரவர் கயிற்றை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆணியில் ஒன்று மிஞ்சியது. புத்தம் புது மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு நீலப் பாசி.

"இது யாருது மேஸ்திரி?"

தாண்டவராயன் முதலாளியைப் பார்த்தார்.

"எடுத்துக் குடுங்க."

அவர் கை பாதிவரை போய் நின்றுவிட்டது.

"நானே சொல்றேன்," என்றாள் கலையரசி. "சனிக்கிழமை சாயந்திரம் மயிலத்துல கட்டின கயிறு இது. ஞாயித்துக்கிழமை காலைல கையில இருந்ததை அவர் மனைவி பார்த்திருக்காங்க. அன்னைக்குப் பூட்டியிருந்ததா நீங்க சொல்ற மில்லுக்குள்ள இது எப்படி வந்துச்சு? திருட வர்றவன் கயித்தைக் கழட்டி சாமிகிட்ட மாட்ட மாட்டான். பெல்ட்டுகிட்ட நிக்கப் போறவன்தான் மாட்டுவான். அவர் இங்க வேலை பார்க்கும்போதுதான் செத்தார். தூக்கிட்டுப் போய்ப் பின்னாடி போட்டு, பக்கத்துல பையை வெச்சிருக்கீங்க. ரத்தத்தைக் கழுவி, கூட இருந்த ஆளுங்க வாயை அடைச்சு, எல்லாத்தையும் சரி பண்ணினவங்க இதை மட்டும் விட்டுட்டீங்க. ஏன் மேஸ்திரி?"

தாண்டவராயன் அப்படியே குந்திவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"பெல்ட்டு அறுந்து அடிச்சதுல பின்னால வுழுந்துட்டான் மேடம். அங்கியே உசுரு போயிடுச்சி. மொதலாளிதான் தூக்கிப் போடச் சொன்னாரு. பொணத்தத் தூக்கின கையி, தீட்டு. அந்தக் கையால சாமி ஆணிய எப்பிடி தொடறது? வூட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திக்கினு வந்தேன். அப்புறம் அந்தப் பாசியப் பாத்ததும் தொடவே முடில. அவன் பொண்ணு மூஞ்சியே நிக்குது."

"சாமிக்குத் தீட்டு பார்த்தீங்க. அவர் தலைமாட்டுல பையை வைக்கும்போது கை கூசலையா?"

கேட்டுவிட்டு, அந்தக் கேள்வி தனக்கும்தான் என்று கலையரசிக்குத் தோன்றியது.

ஏழாவது ஆளாக அவர் பெயரைச் சேர்க்காமல் பிரீமியத்தை மிச்சம் பிடித்த வெங்கடாசலம், "பாலிசியிலதான் அவன் பேரு இல்லியே" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"பாலிசியில இல்லாட்டியும் முதலாளி பொறுப்பு எங்கயும் போகாது சார். கம்பெனி தராததை நீங்க தரணும். மீதியை சப்-இன்ஸ்பெக்டர் சொல்வார்."

கலையரசி போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அம்சா ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்களே பைப்பாண்ட வந்து சொல்றீங்களா மேடம்? நான் சொன்னா நம்ப மாட்டாளுங்க."

வெள்ளி, காலை ஏழு மணி. திண்டிவனம், அம்சாவின் தெரு. பைப்பைச் சுற்றிக் குடங்களும் பெண்களும். அம்சாவின் பெண் பள்ளிச் சீருடையில் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலையரசி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மண்ணாங்கட்டி திருடல. வேலை செய்யும்போதுதான் செத்தார். பையை வெச்சது மில்லுக்காரங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மெல்லக் குனிந்து தன் குடத்தை நகர்த்தி, அம்சாவின் குடத்துக்கு இடம் விட்டாள்.

அம்சா குடத்தை வைக்கவில்லை. கலையரசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்க மாட்டாருன்னும் சொல்லுங்க மேடம்."