சமையலறைப் படத்தில் ஒரு திருத்தம்

காலை பத்தேகால். டீச்சர் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்த நேரத்தில் சமையலறையின் பின்சுவர் சரிந்து அவர்மேல் விழுந்தது. நல்லவேளை, பாதிச் சுவர்தான். உயிர் தப்பியது, கால் இரண்டு இடத்தில் உடைந்தது. அந்த வீட்டை வாங்கி அவர் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மாலை நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா அந்த மதிப்பீட்டு அலுவலகத்தின் படியேறினார். இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேல் தடதடக்கும் மின்விசிறி. ஒரு மேசையில், பேங்க் கடனுக்காக வீடுகளைப் பார்த்து மதிப்பு போடுபவர் இருந்தார். அளக்கும் டேப்பை இடுப்பிலிருந்து கழற்றவே மாட்டார் என்பதால் ஊரே அவரை ‘டேப்’ என்றுதான் கூப்பிடும். இன்னொரு மேசையில் அவருடைய அண்ணி. அண்ணன் இறந்தபிறகு இருவரும் சேர்ந்து தொடங்கிய அலுவலகம் இது.

“டீச்சர் வீட்டுக்கு மதிப்பு போட்டது நீங்கதானே?”

“ஆமா மேடம். ஆனா பின்சுவர்ல வெடிப்பு இருக்குன்னு எழுதியிருந்தேன். விரல் நுழையற வெடிப்பு. படமும் எடுத்து வச்சேன்.”

“பேங்க்ல இருக்கற அறிக்கைல வெடிப்புன்னு ஒரு வார்த்தைகூட இல்ல. கீழ உங்க கையெழுத்து.”

“திருத்தத்துல மாறியிருக்கும்” என்றார் டேப்.

அறிக்கை முடிந்து மூன்று வாரம் கழித்து, கடன் பணம் கைமாறுவதற்கு முந்தின நாள், பேங்க்கிலிருந்து ஒரு திருத்தம் கேட்டு வந்தது: சமையலறைப் படம் தெளிவாக இல்லை, மாற்றி அனுப்பவும். இப்படி ஆறிப்போன அறிக்கையைக் கிளறும் திருத்தங்கள் என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு படத்துக்காகத் திரும்பவும் போனால் அரைநாள் போச்சு. அதனால் கையெழுத்தை அண்ணியின் கம்ப்யூட்டரிலேயே போட்டு வைத்திருந்தார். படம் வேண்டுமென்றால் வீட்டை விற்றுத்தரும் புரோக்கரிடம் கேட்டு வாங்கி ஒட்டிவிடுவார்கள். வருஷக்கணக்காக அதுதான் பழக்கம்.

இன்ஸ்பெக்டர் கவரிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் தன் தொப்பியை வைத்தார்.

“இதுதான் மாத்தின படம். மாத்தினது யாரு?”

“நான்தான்” என்றாள் அண்ணி. “புரோக்கர் அனுப்பின படத்துல வெடிப்பு இல்ல. பூசிட்டாங்க போலன்னு, வெடிப்பு இருக்குன்னு இவர் எழுதின வரியையும் எடுத்துட்டேன்.”

“உங்க கொழுந்தனார்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையா?”

அண்ணி ஒரு கணம் கொழுந்தனாரைப் பார்த்தாள். “அவர் வேற வீட்டுல அளந்துட்டு இருந்தார். தொந்தரவு பண்ண வேணாம்னு கேட்கல.”

“நீங்க படத்தைப் பாத்தீங்களா சார்?”

“இல்ல மேடம். இன்னிக்கு வரைக்கும் பாக்கல.”

அவர் விரல் டேப்பை இழுத்தது, விட்டது. அது சர்ரென்று உள்ளே ஓடியது.

“அப்ப விஷயம் சுலபம். வரியை எடுத்தது உங்க அண்ணி. ஸ்டேஷனுக்கு அவங்கதான் வரணும்.”

அண்ணி மறுபேச்சில்லாமல் கைப்பையை எடுத்தாள். அதைப் பார்த்ததும் டேப்புக்குப் பொறுக்கவில்லை.

“அவங்க என்ன மேடம் பண்ணுவாங்க? புரோக்கர்தான் ஏமாத்தினது! அது ரெட்டை வீடு. கண்ணாடில தெரியற மாதிரி இடம் வலமா மாத்திக் கட்டினது. பக்கத்து வீடு காலி, சாவி அந்தாளு கைல. அங்க போய் எடுத்துட்டான். படத்துல சிங்க் வலது பக்கம் இருக்கு, கீழ நீல வாளி. டீச்சர் வீட்டுல சிங்க் இடது பக்கம்!”



“புரோக்கரை மத்தியானமே புடிச்சாச்சு. ரெட்டை வீடுன்னா சிங்க் வலது பக்கம்னு கணக்குப் போட்டே சொல்லலாம்” என்ற இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். படம் இன்னும் கவிழ்ந்தே கிடந்தது. “நீல வாளி எப்படி சார் தெரிஞ்சுது?”

“மேடம், அதை நான்தான் அவர்கிட்ட...”

“அண்ணி, போதும்.”

திருத்தம் கேட்டு வந்த அன்றைக்கு யாருடைய மொட்டைமாடியிலோ நின்று, அண்ணி போனில் அனுப்பிய படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தது டேப்பின் நினைவுக்கு வந்தது. சிங்க்கைப் பார்த்த மாத்திரத்தில் அது பக்கத்து வீடு என்று தெரிந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. ‘வெடிப்புன்னு எழுதின வரியை என்ன பண்றது தம்பி?’ என்று அண்ணி கேட்டாள். ‘எடுத்துட்டு அனுப்பிடுங்க’ என்றார். அவ்வளவுதான். இப்போது அதை இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொன்னார்.

“புரோக்கர் பொய் சொன்னான். உங்க அண்ணி உங்களை நம்பினாங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “பொய்யின்னு தெரிஞ்சே அனுப்பச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். கிளம்புங்க.”

அவர் இடுப்பிலிருந்த டேப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பாதிப் படியில் நின்று கேட்டார்: “மேடம், போற வழிதானே ஆஸ்பத்திரி. டீச்சரை ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வரலாமா?”

“நேர்ல எதுக்கு சார் அலையணும்?” என்றார் இன்ஸ்பெக்டர், திரும்பாமலே. “யாரையாவது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்களேன்.”