ராயோவா, முலாவா?

எங்கள் ஊர்ச் சாலையில் தார் கிடையாது. வெறும் சரளைக்கல். பஸ்ஸில் போனால் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். ஆனாலும் கோடை வந்துவிட்டால் எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் மூட்டை முடிச்சோடு சைக்கிளில் வந்து இறங்குவார்கள். சிலி நாட்டின் தெற்குக் கோடிவரை மலையும் ஏரியும் பார்த்துக்கொண்டே மிதித்துப் போவார்கள்.

"நம்ம சாலையில ஊர் உலகமே போகுது. நாம மட்டும் பஸ் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு இருக்கோம்," என்று ஒருநாள் வகுப்பில் சொன்னாள் ரயென்.

ரயெனுக்குப் பதினோரு வயது. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். நகராட்சி ஆட்கள் எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர்கள் பின்னாலேயே போய், "பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் வேணும்" என்று நின்றாள். கழிவுநீர்க் குழாயைப் பார்க்க வந்தவரிடமும் கேட்டாள். பாவம், அவருக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியில் நகராட்சி ஒத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் சைக்கிள். எங்கள் பள்ளியில் எல்லா வகுப்பையும் சேர்த்தாலே ஒரு வேன்தான் நிறையும். விடுமுறை தொடங்குவதற்கு முன் எல்லோரும் கோக்ரேன் நகரம்வரை மிதித்துப் போய் வரலாம். வழியில் கூடாரம் போட்டுத் தங்கலாம்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் ஹிமேனா டீச்சர். "எல்லாருக்கும் ஒரே கம்பெனி சைக்கிள். அப்பதான் ஒருத்தர் டியூப் பஞ்சரானா இன்னொருத்தர் டியூப் உதவும். எந்தக் கம்பெனின்னு நீங்களே முடிவு பண்ணுங்க. வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு."

பெரிய ஊரான கொய்யாய்க்கேயில் இருக்கும் கடைக்காரர் பார்ப்பதற்காக இரண்டு சைக்கிள்களை அனுப்பியிருந்தார்.

முதலாவது, ராயோ. ராயோ என்றால் மின்னல். நல்ல சிவப்பு. முன்னாலும் ஸ்பிரிங், பின்னாலும் ஸ்பிரிங். உட்கார்ந்தால் சோபா மாதிரி அமுங்கியது.

இரண்டாவது, முலா. முலா என்றால் கோவேறு கழுதை. நிறமும் கழுதை நிறம்தான். கனமான இரும்புக் குழாய்கள். ஸ்பிரிங் கிடையாது.

"சைக்கிளுக்குக் கழுதைன்னு பேர் வச்சவன் யாருடா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் தாமசோ. எங்கள் ஊரில் வேகமாக சைக்கிள் ஓட்டுகிறவன் அவன்தான். ரயெனின் நெருங்கிய நண்பனும்கூட.

"கொள்ளு போட்டாத்தான் ஓடுமோ என்னவோ!" என்றாள் ரயென்.

ரயெனுக்கு ராயோமேல் உயிர். ஒரு காகிதத்தில் சிவப்பு மின்னல் வரைந்து, 'ராயோவுக்கே உங்கள் ஓட்டு' என்று எழுதி வகுப்புக் கதவில் ஒட்டியதும் அவள்தான்.

"கோக்ரேன்வரை மூட்டையோட போகணும்," என்று டீச்சர் ஞாபகப்படுத்தினார். "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு முடிவு பண்ணாதீங்க."

"நான் மூட்டையோட ஓட்டிக் காட்டறேன் டீச்சர்," என்றாள் ரயென். "ராயோவால முடியாதுன்னு யாரும் அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

ரயென் வீட்டுத் தோட்டத்தில்தான் சைக்கிள் பயணிகள் கூடாரம் போடுவார்கள். அன்று அங்கே யோலிமா என்ற கொலம்பியாக்காரி தங்கியிருந்தாள். நாலைந்து நாடுகளைத் தாண்டி வந்தவள். அவளுடைய சைக்கிளில் ஒட்டுப்படங்கள் அப்பிக்கிடந்ததில் கம்பெனிப் பெயரே தெரியவில்லை.

"அக்கா, உங்க சைக்கிள் எந்தக் கம்பெனி?"

யோலிமா மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். "அடடா... மறந்தே போச்சு கண்ணு. முதல்ல ஏதோ பேர் இருந்துச்சு. ஏன், உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

'இவளிடம் கேட்டதற்கு வேலியைக் கேட்டிருக்கலாம்' என்று நினைத்துக்கொண்டாள் ரயென். ஆனால் யோலிமா தன் பைகளையும், அவற்றை மாட்டும் கம்பிச் சட்டத்தையும் தயங்காமல் கழற்றிக் கொடுத்தாள். ரயென் அவற்றில் கூடாரம், பானை, உள்ளே புகுந்து படுக்கும் தூக்கப்பை, கொஞ்சம் மாவு எல்லாவற்றையும் அடைத்தாள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கம்பிச் சட்டத்தை முடுக்க ராயோவில் ஒரு ஓட்டைகூட இல்லை. அது நிற்க வேண்டிய இடத்தில் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தது.

"பரவாயில்ல," என்றாள் ரயென். இருக்கைக்குக் கீழே பைகளைக் கயிற்றால் கட்டினாள். பாலத்தை நோக்கிக் கிளம்பினாள். ஆற்றின் குறுக்கே இருக்கும் தொங்குபாலம்வரை போய்த் திரும்புவதுதான் திட்டம்.

முதல் மேட்டிலேயே பை ஆடி ஆடி டயரில் உரசியது. அவிழ்த்து ஹேண்டில்பாரில் தொங்கவிட்டாள். சைக்கிள் அவள் சொன்ன பக்கம் திரும்ப மறுத்தது. எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டாள். பள்ளத்தில் இறங்கியதும் ஸ்பிரிங் அமுங்கி எழும்பியது. முதுகு மூட்டை அவளைத் தலைகுப்புறத் தள்ளியது. தொப்பென்று சேற்றில் விழுந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பசு மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது.

"என்ன பார்வை?" என்றாள் ரயென். எழுந்தாள். மறுபடி கட்டினாள். மறுபடி விழுந்தாள். பாலம்வரை போகாமல் திரும்பவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியும் மிதித்தும் போய்ச் சேர்ந்தாள். வீடு திரும்பும்போது தலைமுடிவரை சேறு.

"பாத்திரத்துல மாவு இருந்துச்சே, எங்கடி?" என்று கேட்டாள் அம்மா.

"வழியில இருக்கும்மா."

மறுநாள் அதே மூட்டையோடு முலாவை எடுத்தாள். 'இது இன்னும் மோசமாகத்தான் இருக்கும்' என்று அவளுக்கு நிச்சயம். கம்பிச் சட்டத்தை மாட்டினாள். சட்டென்று பொருந்தியது. பைகள் இருபுறமும் சமமாக அமர்ந்தன. மேட்டில் முலா மெதுவாகத்தான் ஏறியது. அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் ஆடவில்லை, அசையவில்லை. நேற்று அவள் விழுந்த பள்ளத்தைக்கூட அது கண்டுகொள்ளவில்லை.

"கொஞ்சமாவது தகராறு பண்ணேன்!" என்று அதைத் திட்டினாள் ரயென். முலா பேசாமல் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பாலத்தின் அந்தப் பக்கம் யாரோ விழும் சத்தம் கேட்டது. ரயென் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள்.

இசோலினா! பள்ளியிலேயே சின்னவள். எட்டு வயது; அந்த வயதுக்கும் குட்டையான பெண். தன் அப்பாவின் பெரிய சைக்கிளை வைத்துக்கொண்டு முழங்காலில் இரத்தம் வழிய நின்றிருந்தாள்.

"நீ பயணத்துக்கு வரலைன்னு டீச்சர்கிட்ட சொன்னியே," என்றாள் ரயென். "சைக்கிளே பிடிக்காதுன்னு சொன்னியே!"

இசோலினா கையால் மூக்கைத் துடைத்தாள். "பொய் சொன்னேன். யாரும் இல்லாதப்ப ராயோல ஏறிப் பார்த்தேன். கால் எட்டல. இருக்கையை இறக்கலாம்னு பார்த்தா, கீழ ஸ்பிரிங் இடிக்குது. அதுக்கு மேல இறங்க மாட்டேங்குது. இதுல ஓட்டிப் பழகினா எப்படியாவது எட்டும்னு நினைச்சேன்."

"முலால ஏறிப் பார்த்தியா?"

"எல்லாரும் ராயோதானே கேக்கறீங்க."

ரயெனுக்குச் சுருக்கென்றது. கதவில் ஒட்டிய காகிதம் நினைவுக்கு வந்தது. முலாவிலிருந்து பைகளைக் கழற்றினாள். இருக்கையை அடிவரை இறக்கினாள்.

"ஏறு."

இசோலினா ஏறினாள். கால் எட்டியது. ஒரு மிதி. இன்னொரு மிதி. பாலத்தின் பலகைகள் கடகடக்க, அடுத்த கரைவரை போய்த் திரும்பி வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்," என்றாள் ரயென்.

"வேண்டாம்!" இசோலினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகக் கழுதையை வாங்கினாங்கன்னு ஆயிடும். போற வழியெல்லாம் என்னைக் குறை சொல்வாங்க. சத்தியமா சொல்லாத."

ரயென் சத்தியம் செய்தாள். செய்துவிட்டு, வீடுவரை யோசித்துக்கொண்டே போனாள். இதைச் சொல்லாமல் எப்படி ஜெயிப்பது?

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வகுப்புக்குப் போய், தான் ஒட்டிய காகிதத்தைத் தானே கிழித்தாள். ஓட்டெடுப்பு தொடங்கியதும் எழுந்து நின்றாள்.

"நான் முலாவுக்குப் போடறேன்."

வகுப்பில் ஒரே கூச்சல்.

"துரோகி!" என்று கத்தினான் தாமசோ. "கொள்ளு போடணும்னு சொன்னவளே நீதானே? இப்ப என்ன, கழுதை உதைச்சதுல மூளை கலங்கிடுச்சா?"

"உதைச்சது உன் மின்னல்தான். ரெண்டு தடவை சேத்துல தள்ளிடுச்சு."

"உனக்கு ஓட்டத் தெரியல!"

ரயெனுக்குக் காது சிவந்தது. உண்மையான காரணம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இசோலினா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயென் அதை விழுங்கிக்கொண்டாள்.

"சரி. நீதான் நல்லா ஓட்டுவே இல்ல? இதோ இருக்கு மூட்டை. ராயோல கட்டிக்கிட்டு பாலம்வரை போயிட்டு வா. கீழ விழாம, எதையும் தொலைக்காம வந்தா நானும் ராயோவுக்கே போடறேன்."

"இவ்வளவுதானா?" தாமசோ சட்டைக் கையை மடக்கினான்.

வகுப்பே வெளியே வந்தது. தாமசோ கட்டினான், அவிழ்த்தான், வேறு மாதிரி கட்டினான். முடிச்சுப் போடுவதில் அவன் கெட்டிக்காரன். ஆரவாரத்தோடு கிளம்பி, வளைவில் மறைந்தான்.

ரொம்ப நேரம் ஆளைக் காணவில்லை. பிறகு சாலையில் ஒரு விசித்திர உருவம் நடந்து வந்தது. தலையில் பானை. கழுத்தைச் சுற்றித் தூக்கப்பை. கக்கத்தில் கூடாரம். பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்த ராயோவின் பின்சக்கரத்தில் கயிறு சிக்கியிருந்தது.

யாராவது சிரித்திருந்தால் சண்டை வந்திருக்கும். ரயென் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பானையை வாங்கிக்கொண்டாள்.

"பாலம்வரை போனேன்," என்றான் தாமசோ மூச்சிரைக்க. "நடந்தாவது போனேன்."

"நானும் அப்படித்தான் போனேன்."

தாமசோ முலாவை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தான். கம்பிச் சட்டத்தைப் பிடித்து ஆட்டினான். அசையவில்லை. அடிவரை இறங்கியிருந்த இருக்கை அவன் கண்ணில் பட்டது. இவ்வளவு தாழ்வாக ரயென் உட்கார மாட்டாளே! நிமிர்ந்தவன் கூட்டத்தைப் பார்த்தான். எல்லோருக்கும் பின்னால் முழங்காலில் கட்டோடு நின்ற இசோலினாவைப் பார்த்தான். ஏதோ கேட்கப் போனவன் ரயெனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ராயோதான் அழகு. அதை நான் கடைசிவரை சொல்வேன்," என்றான். "ஆனா மூட்டை தூக்கறதுக்குக் கழுதைதான். எல்லாரும் முலாவுக்குப் போடுங்கடா. டேய், உன்னைத்தான். கையைத் தூக்கு."

டீச்சருக்குக் கைகளை எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"டீச்சர்," என்று பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. "எனக்கு இப்பல்லாம் சைக்கிள் கொஞ்சம் பிடிக்குது. நானும் வரலாமா?"

"அதுக்குள்ள மனசு மாறிடுச்சா?" என்றார் டீச்சர். "வா, வா. மழைக்கோட்டு மறக்காத."

எங்கள் ஊரில் கோடை தொடங்கும் டிசம்பரில் கிளம்பினோம். சாலையின் இருபுறமும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கள் நின்றன. முதல் நாள் பாட்டும் கும்மாளமுமாகப் போனது. இரண்டாம் நாள் மலையேற்றம் வந்தது. எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. மழையும் சேர்ந்துகொண்டது. பாட்டெல்லாம் நின்றுபோயிற்று. தாமசோகூட இறங்கித் தள்ளினான்.

டீச்சரின் தம்பி ஓட்டிவந்த லாரி பின்னால் மெல்ல ஊர்ந்து வந்தது. இரண்டு பையன்கள் அதில் ஏறிக்கொண்டார்கள். லாரி இசோலினாவின் பக்கத்தில் நின்றது.

"ஏறிக்கோ பாப்பா. உள்ள சூடா ரொட்டி இருக்கு."

"ரொட்டியைக் கொடுங்க. ஏற மாட்டேன்."

ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு அவள் தள்ளினாள். பத்தடி தள்ளுவாள், நிற்பாள். மறுபடி பத்தடி. ரயென் உச்சிக்குப் போய் ஒரு பாறையின் மறைவில் நின்று காத்திருந்தாள். உதவிக்குக் கீழே இறங்கலாமா என்று இருமுறை கால் பரபரத்தது. வேண்டாம் என்று நின்றாள். நாங்கள் ஒவ்வொருவராக வந்து நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தோம். மழை விட்டது. வளைவில் முதலில் ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது. அப்புறம் இசோலினா தெரிந்தாள்.

யாரும் கை தட்டவில்லை. கையெல்லாம் அவ்வளவு விறைத்திருந்தது. தாமசோ மட்டும் நகர்ந்து, பாறையின் மறைவில் அவளுக்கு இடம் விட்டான்.

இசோலினா உட்காரவில்லை. மலையின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சாலை வளைந்து வளைந்து இறங்கியது. வெகு கீழே பேக்கர் ஆறு நீலநிறத்தில் பளீரென்று ஓடியது.

"எல்லாரும் ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றாள். "இனிமே இறக்கம்தானே!"

நாங்கள் எழுந்திருப்பதற்குள் அவள் இருக்கையில் ஏறிவிட்டாள். சரளைக்கல் தெறிக்க, "ஓஓஓ" என்று மலையே கேட்கும்படி கத்திக்கொண்டு, எல்லோருக்கும் முதல் ஆளாகக் கீழே பாய்ந்தாள்.