ஆக்ஸிஜன் அறையில் இரண்டு மூச்சு

காயலோரத்து மருத்துவமனைக்குக் கேப்டன் ஹார்லன் வந்து சேர்ந்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை. அதற்குள் தகரக் கூரை கொதிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு மாலுமிகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஊன்றாமல் நொண்டி வந்தார். சர்க்கரை நோயில் குதிகாலில் விழுந்த புண், ஏழு மாதமாக ஆறவில்லை. காற்றழுத்தம் ஏற்றிய இரும்பு ஆக்ஸிஜன் அறையில் முப்பது முறை படுத்துப் பார்க்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அறையை இயக்குபவள் செல்மிரா. அவரைக் கண்டதுமே அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

அவள் கணவன் டெல்மோ இந்தக் கேப்டனின் படகிலிருந்துதான் சிங்கி இறாலுக்கு முக்குளித்தான். பதினோரு வருடத்துக்கு முன்பு, கடலுக்குப் போன மூன்றாம் நாள், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "கரைக்குப் போக இன்னும் எத்தன நாளு, கேப்டன்?" என்று கேட்டபடியே பலகையில் கிடந்தான். இறால் பெட்டிகள் நிறையும்வரை படகு திரும்பவில்லை. மேலும் ஆறு நாள். அதன்பிறகு இதே இரும்பு அறையில்தான் படுக்க வைத்தார்கள். கால் திரும்பவில்லை. படுக்கைப் புண் எலும்புவரை அரித்து, இரண்டு வருடத்தில் செத்தான். அவன் புண்ணைக் கழுவிக் கழுவித்தான் செல்மிரா இந்தத் தொழிலுக்கே வந்தாள்.

"என்னத் தெரியுதா கேப்டன்? டெல்மோவோட பொண்டாட்டி."

"எந்த டெல்மோ?" என்றார் அவர். "என் படகுல எத்தனையோ பேரு வருவான், போவான். சீக்கிரம் உள்ள விடும்மா, காலு தெறிக்குது."

செல்மிரா அவரை மட்டும் உள்ளே படுக்க வைத்து, முகமூடியைப் பொருத்தி, கனத்த கதவை மூடினாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே இறங்கியது. அழுத்தமானியின் முள் மெல்ல நகர்ந்து, நாற்பத்தைந்து அடி ஆழத்துக் கடலின் அழுத்தத்தில் நின்றது.

கதவருகே இருந்த ஒலிபெருக்கியில் உள்ளே படுத்திருந்த கேப்டனின் மூச்சு சீராகக் கேட்டது.

பிறகு இன்னொரு மூச்சும் கேட்டது.

இழுத்து, நடுவில் தடைப்பட்டு, ஈரமாகக் கரகரத்து வெளியேறும் மூச்சு. இரண்டு வருடம் ஒவ்வொரு இரவும் அவள் பக்கத்தில் கேட்ட மூச்சு.

வட்டக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். கேப்டன் மட்டும்தான் இருந்தார். ஆனால் படுக்கையின் ஓரத்துக்கு ஒதுங்கி, சுவரோடு ஒட்டிக் கிடந்தார்.

"ஏம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "இன்னொருத்தன எதுக்கு உள்ள விட்ட?"

"உள்ள வேற யாரும் இல்ல, கேப்டன்."

"இருக்கான்! நாத்தம் கொடலப் புடுங்குது. எத்தன நாளு, எத்தன நாளுன்னு காதுக்குள்ள வந்து கேக்குறான்!"

அவர் முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கதவை அறைந்தார்.

"தொற! தொறடி!"

அழுத்தம் இறங்காமல் கதவு திறக்காது. மெதுவாக இறக்கக் கால் மணி நேரம் வேண்டும். அவசரத்துக்கென்று ஒரு சிவப்புப் பிடி உண்டு. அதை ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாக் காற்றும் ஒரு நொடியில் வெளியேறும். அலறலுக்கு நடுவே மூச்சை அடக்கும் மனிதனுக்கு நுரையீரல் கிழிந்துவிடும். தவறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நோயாளிதானே திறக்கச் சொன்னார்.

அவள் கை சிவப்புப் பிடியின்மேல் இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"இழு, செல்மிரா."

டெல்மோவின் குரல். கெஞ்சல் இல்லை. தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டான்.

அவள் கண் நிறைந்தது. கேப்டன்மேல் அவளுக்கு இரக்கம் இல்லை, துளிகூட இல்லை. ஆனாலும், மேலே வரத் துடிக்கும் ஒருவனை அவசரமாக மேலே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு வருடம் கழுவித் துடைத்தவள் அவள்.

"என்னால முடியாது," என்றாள். "நீ வேணா என்னக் கோச்சுக்கோ."

சிவப்புப் பிடியை விட்டு, சிறிய திருகைத் திருப்பி, அடி அடியாக அழுத்தத்தை இறக்கினாள். கால் மணி நேரமும் கேப்டன் அழுதார். இன்னொரு மூச்சு ஒன்றும் சொல்லவில்லை.

கதவு திறந்ததும் அவர் தவழ்ந்து வெளியே விழுந்தார். "இந்தப் பொம்பள என்னப் பூட்டிவெச்சுக் கொல்லப் பாத்தா," என்று மருத்துவமனையே கேட்கக் கத்தினார். அதன்பிறகு வரவேயில்லை. டாக்டர் விசாரித்தபோது செல்மிரா தலைகுனிந்து நின்றாள். இரண்டே மாதத்தில் நகரத்து ஆஸ்பத்திரியில் அவர் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அவளுக்கு அது இனிக்கவில்லை. வாயில் பழைய கசப்புதான் ஊறியது.

சேதி வந்த மறுநாள் காலை, சந்தையில் தேங்காய் ரொட்டி விற்கும் யூஃப்ராசியா முதல்முறையாக வந்தாள். கணுக்காலில் ஆறாத புண். வெளியூர்க்காரி, இங்கே யாரையும் தெரியாது. செல்மிரா அவளைக் கைப்பிடித்து அறைக்குள் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள்.

யூஃப்ராசியா உட்காரவில்லை. வெறும் படுக்கையைப் பார்த்து முகம் சுளித்து, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுப்பா," என்றாள். "எனக்கும் எடம் வேணும்ல?"

பிறகு, போதுமான இடம் கிடைத்தவள்போல், ஓரமாகப் படுத்துக்கொண்டாள்.