தீபிகா தாண்டிய வீடியோ

சிலம்பரசன் கடலூர் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. கடற்காற்றில் சாயாமலிருக்க ஸ்டாண்டின் காலடியில் செங்கல்லை வைத்துச் செல்போனைப் பொருத்தினான். நீளம் தாண்டும் பிள்ளைகளை ஸ்லோமோஷனில் எடுத்து, எந்தக் கால் எங்கே பிசகுகிறது என்று காட்டித் திருத்துவது அவன் வேலை.

மறுநாள் சிதம்பரத்தில் தேர்வு. தேறினால் அவனிடம் பயிலும் காயத்ரிக்கு விளையாட்டு விடுதியில் இடம். தேறாவிட்டால் திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடையில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

தீபிகா தாண்டிய வீடியோவை நிழல் போல வைத்து, அதன்மேல் மற்றவர்களின் ஓட்டத்தைப் பொருத்திப் பார்ப்பது சிலம்பரசனின் வித்தை. அவ்வளவு சுத்தமான தாண்டல். பிச்சாவரம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண் அவள். ஆறு மாதம் முன்பு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். "எம் பொண்ணு தாண்டுறத ஒரு வாட்டி பாக்கணும், அனுப்பு தம்பி" என்று அவள் அம்மா புஷ்பவள்ளி நாலு முறை கேட்டுவிட்டாள். வீடியோ வெளியே போனால் வித்தையும் போய்விடுமே என்று இவன் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன்!

அன்று காயத்ரி மூன்று முறையும் பலகையைத் தாண்டி மிதித்தாள். மூன்றும் ஃபவுல்.

"சார், பலகைகிட்ட வரும்போது பக்கத்துல யாரோ ஓடியாற மாதிரி இருக்கு."

"பயம்தான். வேற ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு, இரண்டு ஓட்டங்களையும் பொருத்தி ஒவ்வொரு படமாக நகர்த்தினான். எப்போதும் மணற்குழியையே பார்த்து ஓடும் தீபிகா, பலகையருகே தலையைத் திருப்பியிருந்தாள்.

நூறு முறை பார்த்த பழைய வீடியோ.

அவள் காயத்ரியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிலம்பரசன் அந்தப் படத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான்; மாறவில்லை. வேறு பிரதி கிடையாது என்று தெரிந்தும் அந்த வீடியோவை அழித்தான். புஷ்பவள்ளியிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டைப் பார்க்க நடையைக் கட்டினான்.

மறுநாள் காலை சிதம்பரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. சிலம்பரசன் குழியோரம் செல்போனைப் பொருத்தியிருந்தான். முதல் இரண்டு முறையும் காயத்ரி ஃபவுல். கடைசி வாய்ப்பில் பலகையில் சரியாகக் கால் வைத்து எழும்பினாள். ஃபவுல் இல்லை என்று வெள்ளைக் கொடி உயர்ந்தது. அவள் அதுவரை தாண்டாத தூரத்தில் போய் விழுந்தாள்.

"தாண்டிட்டேன் சார்!"

அளக்கக் குனிந்த நடுவர் உதட்டைப் பிதுக்கினார். "கைய பின்னாடி ஊணிட்டியேம்மா. பலகைக்குக் கிட்ட இருக்குற தடத்துலேருந்துதான் அளக்கணும்."

அவள் விழுந்த இடத்துக்கு இரண்டடி பின்னால் ஒரு கை பதிந்திருந்தது. நாலு சென்டிமீட்டரில் இடம் போயிற்று.

"நான் கையே ஊணல. வீடியோவக் காட்டுங்க சார்" என்று காயத்ரி அழுதாள்.

சிலம்பரசன் படங்களை நகர்த்தினான். அவளுடைய இரண்டு கைகளும் முன்னால், காற்றில் இருந்தன. பின்னால் வெறும் மணல்.

அந்த மணலில் ஒரு விரல் அமுங்கியது.

அடுத்த படத்தில் இன்னொரு விரல்.

பிறகு மீதி மூன்று விரல்களும். கடைசியில் உள்ளங்கை.

இதை யாரிடம் காட்டுவது? அவன் நிமிர்ந்து குழியைப் பார்த்தான். மணலை இழுத்துச் சமப்படுத்திவிட்டார்கள். அடுத்த பெண் இன்னும் ஓடவே தொடங்கவில்லை.

மணலில் மறுபடி அந்தக் கை பதிந்திருந்தது.