மூன்றாவது விளக்கு

செலினின் பதிலுக்கும் சிவப்பு விளக்கே எரிந்தது. குமணன் மணியைப் பார்த்தான். ஐந்து பதினாறு.

ஆறு மணிக்கு அவன் அப்பாவுக்கு இதய அறுவை. மயக்க மருந்து கொடுப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனால் வாதக்கூண்டின் கதவு மூடியிருந்தது.

கலவரங்களுக்குப் பிறகு வந்த சட்டம் அது. கடவுள் உண்டா என்று மேடையில் வாதிட விரும்புகிறவர்கள் முதலில் இந்தக் கண்ணாடி அறைக்குள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? கூரையில் இருக்கும் நேர்மைமானி, பேசுகிறவரின் முகத்தில் ஓடும் இரத்தத்தை அளந்து, அது மனதார வந்த பதில்தானா என்று தீர்ப்பளிக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு; உண்மை என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எல்லா விளக்கும் பச்சையானால்தான் கதவு திறக்கும். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. முன்பு ஒருமுறை கூட்டம் உள்ளே புகுந்து ஆளை இழுத்துப்போட்டு அடித்திருந்தது. கைப்பேசிக்கும் உள்ளே சிக்னல் கிடைக்காது. பதில் வராவிட்டால் மறுநாள் காலை பத்து மணிக்குத் தானாகத் திறந்துகொள்ளும்.

பாளையங்கோட்டை மாலைக் கல்லூரி வாத மன்றத்தில் கடவுள் உண்டு என்று செலினும் இல்லை என்று குமணனும் வாதிடுவார்கள்; இருவரும் இந்தக் கூண்டைப் பதினோரு முறை தாண்டியவர்கள். பதில்கள் மனப்பாடம். பழைய மானி குரலை மட்டும்தான் அளந்தது. புதியதை நேற்றுதான் மாட்டியிருந்தார்கள்.

"நட்சத்திரங்கள் நகர்ந்து என் பெயரை எழுதினால் நம்புவேன்" என்றான் குமணன் மறுபடியும்.

"உண்மையல்ல" என்றது மானி. "கண்ணில் கோளாறு என்பீர்கள்."

செலின் சிரித்துவிட்டாள். "சரியாத்தானே சொல்லுது! நீ மொதல்ல கண்ணாஸ்பத்திரிக்குத்தான் ஓடுவ."

"உனக்கு மட்டும் என்ன வாழுதாம்? ஜெபம் கேக்கப்படலன்னா விட்டுருவேன்னு சொன்னியே, அதுக்கும் செவப்புதான். எத்தன பரீட்சைக்கு ஜெபிச்சுப் பெயிலான?"

"ரெண்டு. அதுக்கு கர்த்தர் என்ன செய்வாரு? நான் படிக்கல." பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஏய், அப்பாவுக்கு ஆறு மணிக்கா? இத வச்சுக்கிட்டு ஏண்டா வந்த?"

"அஞ்சு நிமிசத்துல முடியும்னு நெனச்சேன்."

ஐந்து முப்பது. குமணன் கூரையை நோக்கிக் கத்தினான். "நாங்க பொய் சொல்லுதோம்னு நீ மட்டும் எப்படிச் சொல்லுத? எந்தச் சான்று கெடச்சா நீ ஒன் தீர்ப்ப மாத்துவ? அதச் சொல்லு மொதல்ல!"

மானியின் குரல் வந்தது.

"கேள்வி ஏற்கப்பட்டது. விதி நான்கு: இந்த அறையில் தீர்ப்புச் சொல்லும் எவரும் பதில் சொல்லாமல் கதவு திறக்காது. நானும் தீர்ப்புச் சொல்கிறேன்."

சுவரில், யாரும் பயன்படுத்தாத மூன்றாவது விளக்கு சிவப்பாக எரிந்தது.

"அந்த விதிய எந்த மடையன் எழுதுனான்?" என்றாள் செலின்.

சட்டப்படி கூண்டின் விதிகளை அந்தந்த மன்றமே எழுதிக்கொள்ளலாம். மன்றச் செயலாளர் என்ற முறையில் குமணன்தான் எழுதியிருந்தான். யாருக்கும் விலக்கு இருக்கக்கூடாது என்று மூன்று இரவு யோசித்து எழுதியது.

ஐந்து நாற்பதுக்குச் செலின் தரையில் உட்கார்ந்தாள். "எதுவும் என்ன மாத்தாது" என்றாள் மெதுவாக. "ஆனா எங்கம்மா ஜெபிக்கத நிப்பாட்டுனா நானும் நிப்பாட்டிருவேன். அம்புட்டுத்தான்."

பச்சை.

குமணன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "இன்னைக்குக் காலைல அப்பா திருநீறு பூசிவிட்டாரு. நான் தொடைக்கல. பஸ்ல ஏறுனப்பறந்தான் தொடச்சேன். மன்றத்துல யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு உறுதியாத் தெரிஞ்சா... அந்தச் சான்று போதும் எனக்கு."

பச்சை.

இருவரும் கதவைப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

"மூன்றாமவர் பதில் சொல்லலாம்" என்றது மானி. பிறகு அதே குரலில் பதிலும் சொன்னது: "என் தீர்ப்பை மாற்றக்கூடிய சான்று எதுவும் எனக்குத் தெரியவில்லை." உடனே தன் பதிலை அளக்கத் தொடங்கியது. அறை முழுவதும் ஒளிக்கீற்று ஒருமுறை சுற்றி வந்தது.

"பேசியவரின் முகம் தென்படவில்லை. நாடி இல்லை. இந்த அறையில் இருவர் மட்டுமே உள்ளனர். மூன்றாமவர் இருப்பதற்குச் சான்று இல்லை."

"அப்ப கதவத் தொற!" குமணன் கண்ணாடியை அறைந்தான்.

"மூன்றாமவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்."

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. செலின் ஜெபிக்க முழந்தாளிட்டு, கூரையைப் பார்த்து நிமிர்ந்தவள், அங்கே மானியைக் கண்டு, யாரை நோக்கிப் பேசுவது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். குமணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.