தோல் மறந்த கூப்பாடு

நறுமுகையின் வலது கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டி இருபத்தாறு நாளாகியும் புண் ஆறத் தொடங்கவில்லை. சீழ் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்புகூட இல்லை. அந்தச் சுத்தம்தான் ஈரோட்டுத் தோல் மருத்துவர் பர்வீனைப் பயமுறுத்தியது.

“எத்தனை வருஷமா அமைதிப்படலம் போடுறீங்க?”

“பதினொரு வருஷமாங்க. காலேஜ் சேர்ந்ததுல இருந்து.”

ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். உடலின் காவலணுக்கள் தோலணுக்களுக்குப் புரதங்களாகச் சேதி அனுப்புகின்றன: ஆபத்து, பெருகு, சிவந்து எழு. குளித்ததும் தெளித்துக்கொள்ளும் அந்தப் படலம், சேதிப்புரதங்களை வழியிலேயே மறித்துவிடும். தோல் சிவந்து செதில் உதிரும் சொரியாசிஸ் நோயாளிகளுக்காக வந்தது. பருவும் தழும்பும் வராததால் எல்லோரும் பூசிக்கொண்டார்கள்.

பர்வீன் தோலணுக்களைப் பெரிதாக்கிக் காட்டும் அணுத்திரையைத் திருப்பினார். புண்ணின் விளிம்பில் காவலணுக்கள் ஒளிப்பொட்டுகளாகச் சேதியை வீசிக்கொண்டிருந்தன. தோலணுக்கள் அசையவில்லை.

“படலத்தை எடுத்தும் இதுங்களுக்குக் கேக்க மாட்டேங்குது. பழக்கமே விட்டுப்போச்சு. கிருமி உள்ள இறங்கிட்டா கையை எடுக்க வேண்டி வரலாம்.”

சொல்லிக்கொண்டிருந்தவரின் பார்வை, துணைக்கு வந்திருந்த இளவெயினியின் முழங்கையில் இருந்த சொரியாசிஸ் படையில் நின்றது. நறுமுகையின் அண்ணன் மனைவி அவள். படலம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; உரிந்த இடத்திலெல்லாம் புதிதாகப் படை கிளம்பியது. நறுமுகை தன் கல்யாணத்தில், “போட்டோவுக்கு மட்டும் நிக்காதீங்க அண்ணி” என்று சொல்லியிருந்தாள்.

“உங்க தோல்ல கொஞ்சம் தருவீங்களா?” என்றார் பர்வீன்.

“என் தோலா? இதைச் சரிபண்ணச் சொல்லித்தானேங்க உங்ககிட்ட வந்துட்டிருக்கேன்!”

“மத்தவங்க தோல் புதுசாக ஒரு மாசம் ஆகும், உங்களுது நாலு நாள்ல புதுசாகுது. அதுக்குச் சேதி கேக்குது, திருப்பிக் கூப்பிடவும் தெரியுது.”

நறுமுகை தலை குனிந்தாள். “வேண்டாம் அண்ணி. எந்த முகத்தோட நான் கேப்பேன்?”

“நீ எங்க கேட்ட? டாக்டரம்மா கேட்டாங்க.” இளவெயினி மருத்துவரிடம் திரும்பினாள். “எந்தக் கைங்க, வலதா இடதா?”

நகமளவு எடுத்த தோல், வளர்கலத்தில் ஒன்பது நாளில் மெல்லிய ஏடாகப் படர்ந்தது. அதைப் புண்மேல் விரித்தார்கள். ஒட்டி வளர்வதற்கு அல்ல, சில நாள் பேசிவிட்டு உதிர்ந்துபோவதற்கு.

மூவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். மூன்றாம் மணிநேரத்தில் விளிம்பிலிருந்த ஒரு தோலணு நடுங்கி, இரண்டாகப் பிளந்தது. பிறகு அதன் பக்கத்திலிருந்தது. சிறிது நேரத்தில் விளிம்பு முழுவதும் ஒளி பிடித்துக்கொண்டது. புதிதாய்ப் பிறந்தவை பிறந்த கணமே தாமும் சேதி வீசத் தொடங்கின. ஆயிரமாயிரம் அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டபடி காயத்தின் நடுவை நோக்கி நகர்ந்தன.

“என் உடம்புல தினமும் இதுதான் நடக்குதுங்களா?” என்று இளவெயினி மெல்லக் கேட்டாள்.

“இதேதான். காயம் இல்லாத இடத்துல நடக்குது.”

முப்பது வருடமாகச் சபித்த ஒன்றை அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டே நாளில் புண் மூடியது. செய்தி பரவ, ஆறாத புண்ணோடு இருந்தவர்களுக்காக மருத்துவமனைகள் சொரியாசிஸ்காரர்களைத் தேடத் தொடங்கின.

நான்கு மாதம் கழித்து நறுமுகை இளவெயினியின் வீட்டுக்கு வந்தாள். ஆறிய கையில் ஒரு சிவந்த வட்டம்; அதன்மேல் வெள்ளிச் செதில்கள்.

“என் தோல் உங்க தோல்கிட்ட கத்துக்கிட்டத மறக்கலையாம் அண்ணி. படலம் அடிச்சா ஒரு வாரத்துல போயிடுமாம். ஆனா மறுபடியும் காது கேக்காமப் போயிடும்னு டாக்டர் சொல்றாங்க. நான் வாங்கல.” அவள் அந்த வட்டத்தைச் சொறிந்துகொண்டாள். “அரிப்பு உயிரை எடுக்குது. நீங்க எப்படித்தான் தாங்குனீங்க?”

இளவெயினி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து வைத்தாள். “எங்க தாங்குனேன்? அழுதுக்கிட்டேதான் இருந்தேன். யாருக்கும் கேக்கல, அவ்வளவுதான்.”

நறுமுகை எண்ணெயில் விரலைத் தொட்டாள். தன் கையில் பூசிக்கொள்ளவில்லை. அண்ணியின் முழங்கையைப் பிடித்து, முதலில் அங்கே தடவத் தொடங்கினாள்.